ஓடைக்கரைப் பக்கம் எண்பது

ரோட்டில் ஹசீபா மண்டியிட்டிருந்தால் டிராக்டரை நிறுத்தத்தான் வேண்டும். ஒரு பக்கம் மஞ்சள் ரிப்பன் கட்டிய முள்புதர், மறுபக்கம் சரிவு. ஒதுங்கிப் போக இடமில்லை. வண்டிச் சத்தம் கேட்டாலும் அவள் எழுந்திருக்க மாட்டாள். ஒரு கையைப் பின்னால் நீட்டி விரலை மட்டும் அசைப்பாள். இரு என்று அர்த்தம். எழுபத்து மூன்று வரை எண்ணியிருப்பாள். பேச்சுக் கொடுத்தால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள் என்பது ஹில்மோவுக்கு அனுபவம். எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங் மேல் கை போட்டுக்கொண்டு, அந்தக் குனிந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்த முதுகின் மேல் அவனுக்குப் பன்னிரண்டு வருஷக் கோபம்.

அவள் அளப்பது தையற்காரர் கழுத்தில் போட்டுக்கொள்ளும் துணி டேப்பால். ஒன்றரை மீட்டர். அதை வைத்துக்கொண்டு ரோட்டை அளப்பாள். டேப்பின் நுனியில் தகரம் மடித்த இடத்தில் ஓர் ஓட்டை உண்டு. அதில் கோணி ஊசியை நுழைத்து, தார் வெடித்த கீறலில் குத்தி நிறுத்துவாள். டேப்பை இழுத்துப் பிடித்து மறுநுனியில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு. பிறகு இரண்டு எட்டு பின்னால் வந்து ஊசியைப் பிடுங்கி, முன்னால் போய், போட்ட கோட்டில் குத்தி, மறுபடி இழுத்து, மறுபடி கோடு. இன்னொரு ஆள் நுனியைப் பிடித்திருந்தால் அரை மணி வேலை. ஊசியோடு செய்வதால் காலை முழுக்கப் போய்விடும்.

ரோட்டுப் பக்கம் நூறு டேப். கருங்கல் சுவர்ப் பக்கம் அறுபது. இருபது வருஷமாக அதே நூறும் அதே அறுபதும்தான். பனி கரைந்ததும் ஒரு தடவை, முதல் உறைபனி விழுந்ததும் ஒரு தடவை.

"தார் ரோடு வளருமாக்கா?" என்று ஒருமுறை கேட்டான் ஹில்மோ.

"வளராது. சுருங்கிருச்சான்னு பாக்கறேன்" என்றாள், நிமிராமல்.

லிபோவிக் என்கிற இந்த மலையூரில் இப்போது புகை வருகிற வீடு பதினொன்று. மற்றதெல்லாம் ஆகஸ்டில் மட்டும் திறக்கிற வீடுகள். ஆஸ்திரியாவிலிருந்து கார்கள் வரும், மூன்று வாரம் இறைச்சி சுடுகிற வாசனை வரும், பிறகு ஷட்டர்கள் இறங்கிவிடும். ஹசீபாவின் வீடு மேலே, கடைசி. கணவன் இப்ரோ அகதியாக இருந்த ஊரிலேயே, வாடகை அறையில், நுரையீரல் கெட்டுச் செத்துப்போனான். அதற்கு அடுத்த வருஷம் அவள் தனியாகத் திரும்பி வந்தாள். மகன் ஆஸ்திரியாவில், லின்ட்ஸில் லாரி ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை பேசுவான். அவள் வீட்டில் சமையலறை ஜன்னலின் இடது மூலையில் மட்டும்தான் போன் எடுக்கும். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்றுகொண்டு பேசுவாள். பேச்சு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் கழுத்து அப்படியே இருக்கும்.

அவள் யுத்தத்துக்கு முன்னால் கீழே டவுனில் துணி ஆலையில் வெட்டுமேசைக்காரி. பதினாறு வருஷம். நாற்பது மடிப்புத் துணியை ஒன்றாக அடுக்கி, மேலே வரைந்த கோட்டில் கத்தி ஓட்டுவது அவள் வேலை. கோடு நூலளவு பிசகினால் நாற்பது கால்சட்டையும் பிசகும். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. ரொட்டி வெட்டினால் கறாராக அளவு பிடித்து வெட்டுவாள். இறைச்சி வைத்துச் சுருட்டிச் சுடுகிற பீட்டாவை மற்றவர்கள் வட்டத் தட்டில் பாம்பாய்ச் சுற்றினால், அவள் சதுரத் தட்டில் கோடு கோடாக அடுக்குவாள். ஆகஸ்டுக்காரர்கள் கால்சட்டை நீளம் குறைக்கக் கொண்டுவந்தால், ஆளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இடது கால் அரை சென்டிமீட்டர் குட்டை உனக்கு. யாரும் சொன்னதில்லையா?" என்பாள். பாவம், அவன் அன்று முழுக்க நொண்டிப் பார்த்துக்கொண்டிருப்பான்.

எல்லா வீட்டிலும் காப்பித் தட்டில் ஒரு கோப்பை கூடுதலாக வைப்பார்கள், வழியில் யாராவது வந்தால் ஊற்ற. ஹசீபா வைப்பதில்லை. ஒரு தட்டு, காப்பி காய்ச்சுகிற ஒரு ஜெஸ்வா, ஒரு கோப்பை. "வர்றவன் வந்தப்புறம் எடுத்துக்கலாம். காலிக் கோப்பையப் பாத்துட்டு எவ்வளவு நேரம் உக்காந்திருக்கறது" என்பாள். ஆனால் அவள் அளக்கிற நாள் எப்போதும் வியாழக்கிழமையாக இருக்கும். வியாழக்கிழமை பத்து மணிக்குத்தான் ஹில்மோ கடையிலிருந்து எல்லோருடைய தபாலையும் ரொட்டியையும் டிராக்டரில் போட்டுக்கொண்டு மேலே வருவான். இது அவனுக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை.

அளக்கிற இடம் அவளுடைய மூலைப் புல்வெளி. மூன்று மூலை. மேலே ரோடு, பக்கத்தில் சுவர், கீழே ஓடைக்கரை. யுத்தத்தில் ஓடைக்கரைதான் எல்லைக்கோடாக இருந்தது. யார் எத்தனை கண்ணிவெடி புதைத்தார்கள் என்று சொல்லக்கூடியவன் எவனும் உயிரோடு இல்லை. இருந்தாலும் அவனுக்கு நினைவில்லை. மஞ்சள் ரிப்பன் கட்டி, மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை அடித்துவிட்டுப் போனார்கள். ரோட்டில் நடக்கலாம். சுவருக்கு வெளிப்பக்கம், மூலைவரை நடக்கலாம். ஓடைக்கரையில் நடக்க முடியாது.

அந்தப் பக்கம் எவ்வளவு நீளம் என்று இப்ரோவுக்குத் தெரியும். அவன்தான் ஒவ்வொரு ஜூனிலும் அரிவாளோடு அங்கே நடந்தவன். அவள் ஆலைக்குப் போய்விடுவாள்; லீவு நாளில் காப்பி கொண்டுபோனாலும் சுவரோடு நின்றுவிடுவாள். "அந்த ஓரத்துல நான் காலே வச்சதில்ல. எவ்வளவு தூரம் நடக்கறீங்கன்னு ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேக்கணும்னு தோணல" என்று ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். பத்திரமும் இல்லை. அது அண்ணன் தம்பிகள் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்ட துண்டு. அரசாங்கப் புத்தகத்தில் அதற்குத் தனிப் பதிவு கிடையாது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கண்ணிவெடி எடுக்கிற ஆபீசிலிருந்து ஒரு படிவம் வந்தது. ஊரில் ரிப்பன் கட்டிய துண்டுகளை எல்லாம் பெயர், இடம், பரப்பு போட்டு அனுப்பச் சொன்னார்கள். முன்னால் வருவதை முன்னால் எடுப்பார்களாம். ஊர் சார்பில் யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது, எல்லோருடைய நிலத்தையும் உழுகிறவன் ஹில்மோதானே என்றார்கள். அவன் படித்தது ஆறாம் வகுப்பு. ஆனால் பரப்புக் கணக்கு அவனுக்கு வரும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், அவனும் நினைத்தான். நடக்க முடிகிற பக்கங்களைக் காலால் அளந்து பெருக்குவான். மூன்று மூலை என்றால் பாதி. மற்ற பதின்மூன்று துண்டும் நான்கு மூலை, அதில் பிசகு வர வழியில்லை. ஹசீபாவுடையது ஒன்றுதான் மூன்று மூலை.

ஹில்மோ, கடைக்காரன் செனாத்தின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான். சுவர் தொண்ணூறு மீட்டர். ரோடு நூற்றைம்பது. பெருக்கி, பாதி போட்டு, ஆறேமுக்கால் துனும் என்று எழுதினான். ஆயிரம் சதுர மீட்டர் ஒரு துனும். சர்க்கரை வாங்க வந்த ஹசீபா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"ரோட்டை ஏன் பெருக்கின?"

"ரோடு உங்க நிலத்தோட பக்கம்தானேக்கா."

"பக்கம்தான். ஆனா அது சாய்வு. சாய்வ நம்பாத, ஹில்மோ. துணியில சாய்வா இழுத்தா ஒரு ஜாண் கூட வரும், கூட வந்தது துணி இல்ல. சுவரும் ஓடைக்கரையும்தான் ஒண்ணுக்கொண்ணு நேரா நிக்குது. அந்த ரெண்டையும் பெருக்கணும்."

பெஞ்சில் நாலு பேர் இருந்தார்கள். செனாத் கடைக்குள்ளிருந்து தலையை நீட்டினான்.

"ஓடைக்கரைய எவன் அளந்தான்?" என்றான் ஹில்மோ. குரல் ஏறிவிட்டது. "நீங்க நடந்து காட்டுறீங்களா?"

அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அந்த ஊரில் அதைச் சொல்ல மாட்டார்கள். பெஞ்சில் ஒருத்தன் இருமினான்.

ஹசீபா முகம் மாறவில்லை. ஏப்ரன் பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்தாள். கடைப் படியில் குந்தினாள்.

"நடக்க வேணாம். பாரு. ரோடு என் டேப்புல நூறு. அதுல ஒரு சதுரத் துணி வெட்டு. நூறுக்கு நூறு, பத்தாயிரம் கட்டம். சுவர் அறுபது. அதுக்கு ஒரு சதுரத் துணி, மூவாயிரத்து அறுநூறு. பெரிய துணியிலேருந்து இதக் கழி. மிச்சம் ஆறாயிரத்து நானூறு. அந்த மிச்சத்த ஒரே சதுரமா அடுக்கினா ஓரம் எவ்வளவு வரும்? எம்பதுக்கு எம்பது. ஓடைக்கரை எம்பது டேப்பு. உன் கணக்குக்கு நூத்தி இருபது மீட்டர். இப்ப சுவரையும் அதையும் பெருக்கி, குறுக்கால வெட்டி, ஒரு பாதிய எடுத்துக்க. அஞ்சு துனும், நானூறு மீட்டர். உன் கணக்குல ஒரு துனுமுக்கு மேல காத்து இருக்கு."

"சுவரும் ஓடைக்கரையும் நேரா நிக்குதுன்னு யாரு சொன்னது?" என்று செனாத் கேட்டான்.

"ஆலையில குடுத்த மூலைமட்டப் பலகை இருக்கு. கீழ்ச் சுவர் மூலையில, ஒரு ஓரத்த சுவரோட ஒட்டி வச்சு, ஒரு கண்ண மூடிப் பாத்தேன். ரோடு வளைஞ்சு ஓடைக்கரையத் தொடற எடத்துல நிக்குதே வாதுமை மரம், பலகையோட மறு ஓரம் நேரா அதுலதான் போய் முட்டுது."

பெஞ்சு சிரித்தது. "வாத்தியாரே, ஆறாங்கிளாஸ் பத்தல போலிருக்கே" என்றான் ஒருத்தன். வாத்தியார் என்ற பெயர் ஒரு மாசம் ஒட்டிக்கொண்டிருந்தது. படியில் போட்ட படம் மழை வரும்வரை அழியவில்லை. செனாத் வேண்டுமென்றே கூட்டாமல் விட்டான். ரொட்டி எடுக்கப் போகும்போதெல்லாம் ஹில்மோ அதை மிதித்துக்கொண்டு போனான்.

படிவத்தை அவன் திருத்தவில்லை. ஆறேமுக்கால் என்றே மடித்து, உறையில் போட்டு, ஒட்டி அனுப்பினான். இதை அவன் ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு வியாழக்கிழமை ஹசீபாவுக்கு ஆபீஸ் கடிதம் வந்தது. ஹில்மோதான் கொண்டுபோனான். அவள் அடுப்படியில் நின்றாள். கண்ணாடி எங்கே வைத்தாளோ தெரியவில்லை, நீயே படி என்றாள். அவன் விரல் வைத்துப் படித்தான். படிவத்தில் உள்ள பரப்பு ஆறேமுக்கால் துனும். விமானத்திலிருந்து எடுத்த படத்தில் அந்த இடத்தில் காண்பது ஐந்து புள்ளி நாலு. இரண்டும் ஒத்துப்போகாததால் இது வேறு நிலமாக இருக்கலாம் என்று கருதி பட்டியலிலிருந்து எடுத்து வைத்திருக்கிறோம். புதிதாக விண்ணப்பிக்கவும். அதற்குமேல் கையெழுத்துதான் பாக்கி. அதையும் படித்துவிட்டு, தலை நிமிராமல் நின்றான்.

ஹசீபா ஜெஸ்வாவை இறக்கினாள். அலமாரியைத் திறந்து இன்னொரு கோப்பை எடுத்தாள்.

"ஆபீசுன்னா அப்படித்தான்" என்றாள். "குடி, ஆறுது."

கடிதத்தை வாங்கி நாலாக மடித்து, ஓரம் ஓரத்தோடு சேர நகத்தால் தேய்த்து, சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தாள். மறுவாரம் கடையில் யாரோ கேட்டபோது, "நேரம் ஆகுமாம்" என்று மட்டும் சொன்னதை ஹில்மோ தன் காதால் கேட்டான். ஊரில் மற்ற துண்டுகள் ஒவ்வொன்றாகச் சுத்தமாகின. ரிப்பன் அவிழ்ந்தது, ஆடு மேய்ந்தது, ஒருத்தன் உருளைக்கிழங்கு போட்டான். ஹசீபா தன் கையால் புதுப் படிவம் எழுதி, வரிசையின் கடைசியில் போய் நின்றாள். பத்து வருஷம் நின்றாள்.

ஹில்மோவின் கோபம் அன்றிலிருந்து இன்னும் கெட்டுப்போயிற்று. அவள் கடை வாசலில் நின்று, பாவி, உன் வீம்பால் என் நிலம் போச்சு என்று நாலு வார்த்தை கத்தியிருந்தால், அவனும் பதிலுக்குக் கத்தி, இரண்டு பேரும் ஆறு மாசம் முகம் பாராமல் இருந்து, பிறகு சரியாகிப் போயிருக்கும். அவள் அந்த வசதியை அவனுக்குக் கொடுக்கவில்லை. பனிக்காலத்தில் மற்ற வீட்டுக்கெல்லாம் முன்னால் அவள் வீட்டு வழியில்தான் பனியை வழித்துவிடுவான். அவள் ஜன்னலைத் திறந்து, "எனக்கென்னப்பா அவசரம், நான் எங்க போறேன். கடைப் பக்கம் மொதல்ல வழிச்சு விடு" என்பாள். அவன் கியரைப் போடுவான். விறகு உடைத்துக் கொடுத்தான் ஒரு வருஷம். ஒரே நீளமாக இல்லை என்று அவள் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகு அதையும் விட்டுவிட்டான்.

வியாழக்கிழமைகளில் ரோட்டில் அவள் குனிந்து அளக்கும்போது, எஞ்சினை அணைத்துவிட்டு அவனும் வாய்க்குள் எண்ணுவான். நூறில் இரண்டு பேரும் ஒன்றாக முடிப்பார்கள். இறங்கிப்போய் நுனியைப் பிடிக்க எத்தனையோ தடவை நினைத்திருக்கிறான். இறங்கினால் அந்தப் பேச்சு வந்துவிடும் என்று உட்கார்ந்தே இருந்தான்.

இந்த வருஷம் ஆகஸ்டுக்காரர்கள் போன பிறகு, கண்ணிவெடி எடுக்கிறவர்கள் வந்தார்கள். ஆறு வாரம். முள்புதரை எல்லாம் மிஷின் மென்று துப்பியது. பதினேழு கண்டெடுத்தார்கள், எல்லாம் ஓடைக்கரை ஓரம். ஒவ்வொன்றை வெடிக்க வைக்கும்போதும் ஹசீபா ஜன்னலைச் சாத்திவிட்டு, சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் நின்று எண்ணினாள்.

நேற்று நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுக்கும்போது அவர்களே முதலில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து காட்டுவது வழக்கம். குழுத்தலைவன் நெவென், தலைக்கவசம் இல்லாமல், சாதாரணச் செருப்போடு, சுவர் மூலையிலிருந்து வாதுமை மரம்வரை போய்த் திரும்பி வந்தான். பாதி வழியில் நின்று இரண்டு தடவை குதித்தும் காட்டினான். ஹசீபா அவனைப் பார்க்கவில்லை. எங்கே அவன் காலடியை எண்ணிவிடுவோமோ என்பதுபோல சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கையெழுத்துப் போடுங்கம்மா" என்றான் நெவென். "ஒவ்வொரு பக்கமும் எத்தனை மீட்டர்னு இதுலயே போட்டிருக்கு. ஓடைப் பக்கம் வந்து..."

"படிக்காதீங்க. நானே பாத்துக்கறேன்."

அவள் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் விட்டு, தாளின் மேல்பாதியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு போட்டாள். நெவென், டிராக்டர்மேல் உட்கார்ந்திருந்த ஹில்மோவைப் பார்த்தான். ஹில்மோ தோளைக் குலுக்கினான். அவர்கள் ரிப்பனைச் சுருட்டி, பலகையைப் பிடுங்கி, வேனில் ஏறிப் போய்விட்டார்கள்.

புல்வெளி மொட்டையாக, ஈரமாகக் கிடந்தது. சுவர் மூலையில் ரிப்பன் கட்டியிருந்த கம்பு நட்ட குழி மட்டும் மிச்சம். ஹசீபா அதற்கு முன்னால் நின்றாள். வலது காலை எடுத்து அந்தப் பக்கம் நீட்டினாள். தரையில் வைக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டாள். மறுபடியும் எடுத்தாள். மறுபடியும் இந்தப் பக்கமே வைத்தாள். குளிர்ந்த தண்ணீரில் இறங்கக் குழந்தை காலை நீட்டி நீட்டிப் பார்ப்பதுபோல இருந்தது.

ஹில்மோ டிராக்டரை விட்டு இறங்கினான். பன்னிரண்டு வருஷத்தில் அந்த ரோட்டில் அவன் இறங்குவது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் போய் நின்றான். சொல்ல வந்தது ஒன்று. கடைசியில் வேறு என்னமோதான் வெளியே வந்தது.

"கால் வரலைன்னா விடுங்கக்கா. நான் போய் ஓடைக்கரைய அளந்துட்டு வந்து சொல்றேன்."

"நீ தனியாப் போனா ரோட்டையும் சேத்துப் பெருக்கிட்டு வருவ" என்றாள் ஹசீபா.

அவள் சிரிக்கவில்லை, ஆனால் கன்னத்தின் ஒரு பக்கம் லேசாக இழுபட்டிருந்தது.

"படிவத்த நான் மாத்தாமத்தான் அனுப்பினேன்" என்றான் ஹில்மோ. "நீங்க சொன்னப்புறமும்."

"தெரியும்ப்பா. நான் துணி வெட்டினவ. ஆறேமுக்கால் எங்கேருந்து வரும்னு எனக்குத் தெரியாதா?"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா வியாழக்கிழமை நீ மேல வந்திருக்க மாட்ட. செனாத் வேற யாரையாவது அனுப்பியிருப்பான்."

ஓடைச் சத்தம் கேட்டது. இத்தனை வருஷமும் முள்புதர் அதை அமுக்கி வைத்திருந்தது என்பது இப்போதுதான் தெரிந்தது.

ஹசீபா கழுத்திலிருந்து டேப்பை எடுத்தாள். இடது கை பழக்கத்தில் கம்பளிச் சட்டை மார்புக்குப் போய், அங்கே குத்தியிருந்த கோணி ஊசியை உருவியது. ஒரு நிமிஷம் அதை விரலில் வைத்து உருட்டினாள். பிறகு திரும்பவும் பழைய இடத்திலேயே குத்திக்கொண்டு, டேப்பின் தகர நுனியை ஹில்மோவிடம் நீட்டினாள்.

"நீ இங்கேயே நின்னு இந்த நுனியப் புடி. நான் முன்னால போறேன்."